கவரிங் கடைப் பச்சை

அரசாங்கம் இனியனின் கையில் மாட்டிய வளையம் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்குச் சத்து போதவில்லை என்று ஊருக்கே சொல்லும் விளக்கு அது. காதுகுத்துக்கு வரும் நாத்தனார் பார்த்தால் மானம் போய்விடும். பூங்கோதை மகனின் கையிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, கவரிங் கடையில் எப்போதும் பச்சையாக எரியும் போலி வளையம் வாங்கி மாட்டினாள்.

"புள்ளய நல்லா வளத்திருக்கீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். அதன்பிறகு பூங்கோதைக்குப் பழையதை மாட்ட மனம் வரவில்லை.

இன்று அங்கன்வாடியில் சிவப்பு வளையப் பிள்ளைகளுக்கு இன்னொரு முட்டை வைத்தார்கள். இனியனும் தட்டை நீட்டினான்.

"உனக்குத்தான் பச்சையா இருக்கே சாமி, இது சத்தில்லாத புள்ளைங்களுக்கு" என்ற டீச்சர், வாசலில் நின்ற பூங்கோதையைப் பார்த்துப் பாராட்டாகச் சிரித்தார். பூங்கோதையும் சிரித்துவைத்தாள்.

வழியில் இனியன் கேட்டான்: "அம்மா, அந்தக் கடையில செவப்பு கிடைக்குமா?"