அனல் போகும் பக்கம்

இரண்டு வீட்டுக்கும் நடுவே, ஓர் ஆள் உடம்பை ஒடுக்கி நுழையும் அளவுக்குத்தான் சந்து. எதிர்ச்சுவரில் மூத்த ஓரகத்தி மாட்டியிருக்கும் ஏசியின் வெளிப்பெட்டி, இளையவளின் சமையலறை ஜன்னலுக்குள் அனலைக் கக்குகிறது. ஜன்னல் விளிம்பில் கற்றாழைகூடக் கருகிச் சுருண்டு கிடக்கிறது. இளையவள் தலையில் போட்டிருக்கும் ஈரத்துண்டு அதற்குள் காய்ந்து மொடமொடக்கிறது.

“அக்கா, அதை மாடிக்கு ஏத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க மனுஷங்க வெந்து சாகுறோம்.”

எதிரே திரை விலகுகிறது. “ஊரு உலகமே கொதிக்குது, நான் ஒருத்தி நிறுத்திட்டா குளுந்துடுமா? முடியலைன்னா நீயும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோ.”

“வாங்கியாச்சு!” என்று கத்துகிறாள் இளையவள். திரை மூடிக்கொள்கிறது.

இளையவள் வீட்டுப் பின்சுவரில், புருவமெல்லாம் சிமெண்ட் தூளாக ஏணிமேல் நிற்கிறார் ஏசி மெக்கானிக். “இங்க மாட்டினா அனல் காத்து நேரா பின்வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும்மா. மாடிக்கு ஏத்திடலாம். குழாய் நீளும், குளிர்ச்சி ஒரு பொட்டு குறையும், அவ்வளவுதான்.”

பின்வீட்டு ஜன்னலில் ஒருத்தி தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். போன கோடையில் இளையவளே பிடுங்கிக் கொடுத்த கற்றாழைக் கன்று, பச்சைப்பசேலென்று விரிந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து ஏணியைப் பார்க்கிறாள். பிறகு இளையவளைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை.

இளையவள் காய்ந்த துண்டால் கழுத்தை அழுத்தித் துடைத்துக்கொள்கிறாள்.

“இங்கயே மாட்டுங்க. முடியலைன்னா அவங்களும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கட்டும்.”