அப்பாவின் பிரேக்

"மெதுவா, மெதுவா! முன்னாடி சைக்கிள் போகுது பாரு!"

பக்கத்து சீட்டில் அலறிய அப்பாவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

"அது எங்கேயோ போகுதுப்பா. நீங்க மிதிச்சு மிதிச்சு கால்மிதியே ஓட்டையாயிடுச்சு!" மகள் சிரித்தாள்.

"சிரிக்காம ரோட்டைப் பாரு."

"ஆறு ஏர்பேக் இருக்கு. யாராவது குறுக்கே வந்தா வண்டி தானாவே நிக்கும். கோடு தாண்டினா கத்தும். அப்புறம் என்னப்பா பயம்?"

"அதெல்லாம் வண்டி வித்தவன் குடுத்தது. அவனா உன்னைப் பெத்தான்?"

அந்தச் சின்னக் காரிலேயே அதிகம் சத்தம் போடும் பாதுகாப்புக் கருவி அவர்தான்.

பேருந்து நிலையம் வந்தது. காரை வீட்டுக்கு ஓட்டிப் போகச் சொல்லி அவரிடம் சாவியைக் கொடுத்தாள். பிறகு வெளியூர் பேருந்து ஒன்றில் ஏறி, பல வருஷமாகத் தான் உட்காரும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஐம்பது பேர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்கள். சிலர் அதற்குள் தூங்கியே விட்டார்கள்.

பேருந்து வெளிவாசலை நெருங்கியபோது, கீழே நின்ற அப்பாவின் வலது கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

கண்ணாடியில் பார்த்தாளோ என்னவோ, பேருந்து உடனே நின்றது. டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு டாட்டா காட்ட, பேருந்து மறுபடி கிளம்பிப் போனது.