இரண்டு ராஜா, ஒரு துபாஷி

"ஒரே ஆத்துத் தண்ணி குடிக்கிற ரெண்டு ராஜாங்க, ஹரி. ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்கு எப்படித் தெரியாமப் போகும்?"

"கதைன்னா அப்படித்தான். ரொம்ப நோண்டாதே, அக்ஷயா."

ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் போன மாதம் பேசிக்கொண்டது, திருப்பதியில் மேடையேறும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அறுநூறு வருஷத்துப் பழங்கதை. ஆற்றுக்கு இக்கரையில் தமிழ் ராஜா, அக்கரையில் தெலுங்கு ராஜா. கடைசியில் இரண்டு கோட்டையும் எரிந்துபோகும். அபார்ட்மெண்ட் சங்கராந்தி விழாவுக்கு அதை நாடகமாக எழுதிய ஹரிபிரசாத்துக்கு எரிக்க மனம் வரவில்லை. இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்ல, நடுவில் ஒரு துபாஷிப் பெண்ணை நிறுத்திவிட்டான்.

அக்ஷயாவுக்கு அந்த வேலை புதிதல்ல. தமிழ் ராஜா அவள் அப்பா வேங்கடாசலம். தெலுங்கு ராஜா, ஹரியின் அப்பாவும் அபார்ட்மெண்ட் செக்ரட்டரியுமான சிட்டிபாபு. வேங்கடாசலம் வைத்த கருவேப்பிலைச் செடியை, பொது இடம் என்று சொல்லி அவர் பிடுங்கியதிலிருந்து இரண்டு வருஷமாக லிஃப்ட்டில் தினமும் போர். இவருக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் வராது. வசவையெல்லாம் வாழ்த்தாக்கிச் சொல்வது அக்ஷயாதான். 'ஹரியைக் கட்டிக்கிறேன், நைனா' என்ற ஒரு வரியை மட்டும் அவளால் எந்த பாஷையிலும் சொல்ல முடியவில்லை.

"அந்தாளு ராஜான்னா நானும் ராஜா" என்று இருவரும் வேஷம் கட்டியதே அதிசயம். இன்று நாடகம் நல்லபடியாக முடிந்தால் கேட்டுவிடுவது என்றிருந்தாள்.

வேங்கடாசலம் அட்டை வாளை ஓங்கினார். "உன் கோட்டைய இடிச்சி, கழுதை பூட்டி உழுது, எள்ளு வெதைப்பேன்!"

"உங்க ஊரு மண்ணு பொன்னாம். சேர்ந்து வெள்ளாமை பண்ணலாமான்னு கேக்குறாரு" என்று தெலுங்கில் சொன்னாள் அக்ஷயா. கூட்டம் சிரித்தது.

"நீ மீசம் கொரிகிஸ்தா!" என்றார் சிட்டிபாபு. மீசையை வழித்துவிடுவாராம்.

"உங்களை மாதிரி தனக்கு மீசை வளரலையேன்னு ஏங்குறாரு, ராஜா!"

விசில் பறந்தது. அதோடு வேங்கடாசலம் வசனத்தை விட்டுவிட்டார்.

"மீசை கெடக்கட்டும்யா. பச்சப்புள்ள மாதிரி வளத்த கருவேப்பிலைய வேரோட புடுங்கினியே, நீயெல்லாம் கொழம்பு துன்னுவியா?"

முதல் வரிசையில் ஹரி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"ராஜா வந்து..." தெலுங்கில் மென்று விழுங்கினாள். "உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறாரு. கருவேப்பிலைக் குழம்பு."

சிட்டிபாபுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாளைக் கீழே போட்டார்.

"போதும், உட்ரும்மா! துன்னுவியான்னு கேட்டத துன்ன வான்னு மாத்திட்டியே. நா பொறந்தது குடியாத்தம். ரெண்டு வருஷமா உங்க நைனா திட்டிக்கினு வந்ததும் வெளங்கிச்சு, நீ தடவின தேனும் வெளங்கிச்சு."

அசல் தமிழ்! திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தாள்.

"நாக்கு தெலுகு ராதனி எவரு செப்பாரு?" என்றார் வேங்கடாசலம். தனக்குத் தெலுங்கு வராது என்று யார் சொன்னதாம்! பிறகு மகளைப் பார்த்து அசடு வழிந்தார். "மொதல்ல யாரு வாளை கீழ வெக்கிறதுன்னு ஒரு ரோஷம்தான்டா கண்ணு. அவரு வெச்சிட்டாரு."

சிட்டிபாபு கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு கண் முதல் வரிசையிலிருந்த மகன் மேல் இருக்க, நடுவில் துபாஷி யாரும் இல்லாமல், நேராகக் கேட்டார்:

"உம் பொண்ண எம் பையனுக்குக் குடுக்கிறியா, வேங்கடாசலம்?"