அமாவாசைக்குப் பாண்

அமாவாசையும் அதுவுமாகக் காகத்துக்குப் பாண் போடுகிற ஒருத்தியை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், என் கோழிக்கடைக்கு எதிரே உள்ள மதிலில் பேக்கரிப் பாணைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மதிலின் கீழே வெள்ளைப் பொலித்தீன். பக்கத்தில், மீன்காரர் வைத்திருப்பதுபோல ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி.

காகம் வந்து மதிலில் குந்த வேண்டும். பாணைத் தின்ன வேண்டும். பொலித்தீனில் எச்சம் போட வேண்டும். அதைக் கண்ணால் கண்டு, காயமுன் எடுத்துக் குப்பியில் அடைக்க வேண்டும்.

ஒரு காகமும் வரவில்லை.

எப்படி வரும்? வீட்டுக்கு வீடு இலை போட்டு, சோறும் பருப்பும் வைத்து, செத்தவர்களை நினைத்துக் காகத்தைக் கூப்பிடுகிற நாள். காகங்களுக்கு அன்று கல்யாண வீடு. நெற்றியில் திருநீறு பூசியிருக்கிற படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பெயர் யதுர்ஷிகா. பக்கத்து முரசுமோட்டைப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. சில நாளுக்கு முன் முதல்முறை வந்தபோது நான் கத்தித் துரத்தினேன். அவள் போகாமல் நின்று விளக்கம் சொன்னாள்.

பண்ணைகளில் கோழிக்குத் தண்ணீரிலேயே மருந்து கலக்கிறார்களாம். அந்தக் கோழியின் குடலை நாங்கள் வெளியே கொட்டுகிறோம், காகம் தின்கிறது. காகத்தின் வயிற்றுக் கிருமி அந்த மருந்துக்குச் சாகாமல் இருக்கப் பழகிவிடுகிறது. அது மட்டுமில்லை, பக்கத்தில் கிடக்கிற வேறு கிருமிக்கும் அந்த வித்தையைக் கொடுத்துவிடுமாம். சாகமாட்டேன் என்கிற பிடிவாதம் தொற்றுமாம்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் அதே மருந்துதான் என்றாள். அதற்குப் பிறகு நான் அவளைத் துரத்தவில்லை. ஆனாலும் பயம்தான். கடைசியில் என் கடையைத்தானே கை காட்டுவார்கள். அவள் வந்த நாள் முதல் குடலை வெளியே கொட்டாமல் வாளியில் மூடி வைத்தேன்.

அன்றுதான் அவளுக்குக் கடைசி நாள். பெட்டி மத்தியான பஸ்ஸில் யாழ்ப்பாணம் போக வேண்டும். இன்றும் எச்சம் கிடைக்காவிட்டால் கிளிநொச்சியை விட்டுவிட்டு வேறு ஊரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்களாம். ஊரை விடமாட்டேன் என்று என்னோடே சண்டைக்கு வந்தவள் போலச் சொன்னாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. பாண் வெயிலில் காய்ந்துபோனது. அவள் கண்ணும் கலங்கத் தொடங்கியது.

எனக்கும் அன்று வியாபாரம் இல்லை. அமாவாசை பார்க்காத வேதக்கார வீடொன்றின் பிறந்தநாளுக்கு வெட்டிய கோழிகளின் குடல் மட்டும் வாளியில் கிடந்தது. மேசையில் மனைவி கட்டித் தந்த சோறு. அமாவாசை தவறாமல் அதே மதிலில் நான் அண்ணனுக்கு வைக்கிற சோறு. காகம் தின்னாமல் அதில் ஒருவரும் வாய் வைப்பதில்லை.

பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்சலை அவிழ்த்து அவளிடம் நீட்டினேன்.

“பாணுக்கு வராது பிள்ளை. இந்தச் சோத்துல ஒரு பிடி வச்சி, கா கா எண்டு கூப்பிடுங்க. எல்லாம் வந்திடும்.”

அவள் சோற்றைப் பார்த்தாள். கையுறை போட்ட இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனவர்களைச் சின்ன வயதிலிருந்து கண்டிருக்கிறேன். மலையகத்து ஆட்களின் சோற்றைத் தொட மனம் வரவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள். கடைக் குழாயில் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வந்து, என் கையிலிருந்த சோற்றில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, மென்று விழுங்கினாள்.

அது யாருக்கு வைக்கிற சோறு என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

“உங்கட சோறு எண்டில்லை அண்ணை. எங்கட வீட்டில காகத்துக்குச் சோறு வைக்கிறேல்லை. சண்டை முடிஞ்ச அண்டைக்கு அப்பாவை ஆமிக்காரர் விசாரிக்கவெண்டு கூட்டிக்கொண்டு போனவை. இன்னும் வரேல்லை.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், வரச் சுணங்குகிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு திரும்பிப் போய்ப் புதுக் கையுறை போட்டு, மதிலில் மறுபடியும் பாண் பிய்த்து வைத்தாள்.

அமாவாசை தெரியாத பிள்ளை இல்லை அவள்.

சோற்றை மேசையில் வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். கடைக்கு வம்பு வந்தால் வரட்டும். குடலை மதில் மேல் நீளத்துக்குப் போட்டேன். குடல் என்றால் காகம் அமாவாசையும் பார்க்காது, ஆடிப்பூரமும் பார்க்காது. ஒன்று வந்தது. கூரைக்கு மேலே கத்திக்கொண்டு இன்னும் ஏழெட்டு வந்தன. பொலித்தீனில் சொத்துச் சொத்தென்று விழுந்தது. அவள் குப்பிகளோடு குனிந்து ஓடி ஓடி எடுத்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

அவள் பெட்டியோடு போன பிறகு மேசையில் இருந்த சோற்றைப் பார்த்தேன்.

அண்ணனைச் சண்டை முடிகிற நேரம் வட்டுவாகல் பாலத்தடியில் கடைசியாகக் கண்டவர்கள் இருக்கிறார்கள். செத்ததைக் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. எத்தனை வருடத்துக்குத்தான் பார்த்திருப்பது, இனி வைக்கத்தானே வேண்டும் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு வைக்கத் தொடங்கியது.

மிச்சச் சோற்றை நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு பருக்கையும் விடவில்லை.

இனிமேல் அமாவாசைக்குச் சோறு கட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.