ஆறாவது வலை

நான்காவது வலையைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே குட்டிச் சிலந்தி மிளகிக்கு வயிற்றில் நூல் தீர்ந்துவிட்டது. வயிற்றை எக்கிப் பார்த்தும் ஓர் இழைகூட வரவில்லை.

“வீட்டுப்பாடம் கிடக்கட்டும்டி. பின்னின மூணுல ஒண்ணை வாசல்ல கட்டு, ஏதாவது பூச்சி விழும். நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!” என்றாள் அம்மா.

“பூச்சி விழுந்தா வலை கிழிஞ்சிடும்மா. அஞ்சுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வாத்தியார் தலைகீழா நிக்க வைப்பாரு.”

“நாம எப்பவும் தலைகீழாத்தானேடி நிக்கிறோம்?”

மிளகி சிரிக்கவில்லை. பாதியில் நின்ற நான்காவது வலைக்குத் திரும்பி, மறுபடியும் வயிற்றை எக்கினாள்.

அம்மாவின் நூலும் முந்தின நாள் வீட்டுப்பாடத்திலேயே தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது, மிளகிக்குத் தம்பி தங்கைகளாக வரப்போகும் முட்டைகளைச் சுற்றியிருந்த உறை மட்டும்தான். அம்மா அதன் ஒரு பக்கத்தைப் பிரித்து நூல் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளியில், பருத்த சிலந்தியான வாத்தியார் வலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். “கடைசி ரெண்டும் மெத்துமெத்துனு இருக்கே, பலே! உன்னால முடியுது. நாளையிலேர்ந்து ஆறு கொண்டு வா” என்று சொல்லிவிட்டு, திருத்திய வலைகளை வழக்கம்போலச் சுருட்டி விழுங்கினார்.

மிளகி வீடு திரும்பியபோது, உறையின் திறந்த பக்கம் வழியாக ஓர் எறும்பு கடைசி முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. துரத்திப் பிடிக்க அம்மாவின் கால்களில் தெம்பு இல்லை.

“நாளைக்கு எத்தனை?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆறும்மா.”

அம்மா காலி உறையைக் கிட்டே இழுத்து, நூலின் முனையைத் தேடினாள்.