தினமும் வரும் அழைப்பு

வருடத் தொடக்கத்தில் மனித உரிமைக் கழக அலுவலகத்தில் உட்கார இடமிருக்காது. போலீஸ் கூட்டிப்போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் வாசல்வரை நிற்பார்கள். கோடையில், காணாமல்போன அந்தப் பிள்ளைகளிடமிருந்தே வீடுகளுக்கு வீடியோ அழைப்பு வரத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொருவராக வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

கடைசியாக வந்தவர் குருவம்மா. வழக்கறிஞர் ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஒங்க மகன் இல்லம்மா. மெஷின் அவன மாதிரிப் பேசுது. பிணவறையில தழும்பப் பாத்து நீங்கதான அடையாளம் சொன்னீங்க?"

"சொன்னேன் தாயி. ஆனா சாப்பிட்டியாம்மான்னு தெனமும் கேக்குறான். கேஸ் நடந்தா போலீஸ்காரங்க அதையும் நிறுத்திப்புடுவாங்க."

குருவம்மா வழக்கைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஜெசிந்தாவுக்குக் கோபம்தான் வந்தது.

மழைக்காலத்தில் கழகச் செயலாளரான அவள் கணவன் இருதயராஜையும் கூட்டிப்போனார்கள். நீதிமன்றத்துக்கு மனு தயாரித்து முடித்த மாலையில் அவள் ஃபோன் அடித்தது. திரையில் இருதயராஜ் இருந்தான். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "ஜெசி, தலைவலி தேவலையா?" என்றான்.

அழைப்பைத் துண்டிக்கத்தான் விரலைக் கொண்டுபோனாள்.

"கொஞ்சம் தேவல," என்றாள்.

மறுநாள் அவள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.