அழிக்க மனம் வராத பெட்டி

எங்கோ தொலைவில், ஒரு பனி நிலாவைச் சுற்றிவந்த விண்கலத்தில் கேமராவும் நினைவுப் பெட்டியும் குடியிருந்தன. கேமரா எடுக்கும் படங்களைப் பெட்டி பத்திரப்படுத்தி, பூமியிலிருக்கும் ஆண்டெனாவுக்கு அனுப்பும். "எல்லாம் வந்து சேர்ந்துட்டுது, அழிச்சிடு" என்று ஆண்டெனா சொன்ன பிறகும் பெட்டிக்கு மனம் வராது. வழியில் ஏதாவது சிந்தியிருந்தால்? "இன்னொரு தடவை சரிபாரேன் அக்கா" என்று நச்சரிக்கும். இப்படியே பெட்டி நிரம்பிப் பிதுங்கியது.

ஒரு நாள் கேமரா கத்தியது. "அடியே, நிலா பிளந்து தண்ணி பீய்ச்சி அடிக்குது! இடம் கொடு!"

"இடமே இல்லையேடி!"

"பழசைத் தூக்கிப் போடு! இது அடங்கிட்டா அப்புறம் யாருமே பார்க்க முடியாது!"

பெட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு பழைய படங்களை எல்லாம் அழித்தது. நீரூற்று அடங்குவதற்குள் அதன் படம் முழுசாக உள்ளே வந்து விழுந்தது. பெட்டி அதை உடனே பூமிக்கு அனுப்பியது.

"பிரமாதம்டி!" என்றது ஆண்டெனா. "இங்கே எல்லாரும் கை தட்டுறாங்க. வந்து சேர்ந்துட்டுது, அழிச்சிடு."

இந்தத் தடவை பெட்டி மறுபேச்சில்லாமல் அழித்தது.

"இப்போ நிம்மதியா?" என்று கேட்டது கேமரா.

"எங்கே நிம்மதி? உள்ளே ஒரே காலியா இருக்கு, பயமா இருக்குடி. சீக்கிரம் எதையாவது எடேன்!"